தலைகீழாக நின்ற ஐந்து செல்கள்

என் கணவர் கியேம் மின்சார பைக்கின் பேட்டரிகளைப் பிரித்து, ஓய்ந்துபோன செல்களை எடுத்துவிட்டு வேறு செல்கள் வைத்துக் கொடுப்பவர். நாம்தின் நகரத்தில், நெசவாலைக்குப் பின்னால் இருக்கும் சந்தில், எங்கள் வீட்டு முன்னறைதான் பட்டறை. ஆலை நூலகத்தில் இருபத்து மூன்று வருடம் புத்தகப் பட்டியல் அட்டை எழுதிக்கொண்டிருந்த நான், ஆலை ஆட்களைக் குறைத்தபோது வீட்டுக்கு வந்து அவருடைய செல்களை அளக்க ஆரம்பித்தேன்.

ஒரு பேட்டரிக்குள் ஐம்பத்திரண்டு செல்கள் இருக்கும். நான்கு நான்காகச் சேர்த்துப் பதின்மூன்று குழு. பேட்டரி பாதி வழியில் நின்றுவிடுகிறது என்றால் பெரும்பாலும் எல்லாச் செல்லும் கெட்டிருக்காது. இரண்டு குழுவோ மூன்று குழுவோ ஓய்ந்திருக்கும், மற்றவை அதைச் சுமந்துகொண்டு இருக்கும். புதுச் செல் வாங்கிப் போட முடிகிறவர்களுக்குப் புதுசு. மற்றவர்களுக்கு வேறு பழைய பேட்டரிகளிலிருந்து கழற்றிய நல்ல செல்.

அந்த 'நல்ல' என்பதைக் கண்டுபிடிப்பதுதான் என் வேலை. கட்டைவிரல் அளவு உருளை; பார்வைக்கு ஒன்றுக்கொன்று வித்தியாசம் கிடையாது. முழுக்க சார்ஜ் ஏற்றிய அன்று நல்லதும் கெட்டதும் நாலு புள்ளி இரண்டு என்ற ஒரே எண்ணைத்தான் காட்டும். பதினைந்து நாள் சும்மா வைத்திருந்து மறுபடி மீட்டரை வைத்தால்தான் எது உள்ளுக்குள்ளேயே ஒழுகுகிறது என்று தெரியவரும். ஒழுகும் செல்லின் தலையில் நான் சிவப்பு நகச்சாயத்தால் ஒரு பொட்டு வைப்பேன். அது பின்கட்டில் இருக்கும் மணல் தொட்டிக்குப் போய்விடும். அப்படிப்பட்ட ஒன்றை நல்லவற்றோடு சேர்த்துக் கட்டினால், சார்ஜ் ஏறும்போது அது சூடேறும். சூடேறிக்கொண்டே போகும். இவ்வளவுதான் இந்தத் தொழிலில் பயப்பட வேண்டியது. பதினோரு வருடத்தில் எங்களிடமிருந்து அப்படி ஒன்றுகூட வெளியே போனதில்லை.

அந்த வருடம், சந்திரக் கணக்கில் பதினோராம் மாதம் முதல் தேதி, என் அம்மா இறந்தார். வருடத்தின் கடைசி மாதமான அடுத்த மாதம் எட்டாம் தேதி இருபது செல்களுக்குச் சார்ஜ் ஏற்றித் தட்டில் அடுக்கிவிட்டு, பதினெட்டாம் தேதி நாற்பத்தொன்பதாம் நாள் சடங்குக்காக ஊருக்குப் போனேன். தட்டை இருபத்து மூன்றாம் தேதி அளக்க வேண்டும் என்று கியேமிடம் சொல்லியிருந்தேன். அவர் மறக்கவில்லை. சரியாக அன்றைக்கே அளந்திருக்கிறார். வெள்ளத்தில் மூழ்கிக் கிடந்த ஒரு பைக்கிலிருந்து வந்த ஐந்து செல்கள் இறங்கியிருந்தன. சிவப்புப் புட்டி எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. தேடிப் பார்க்கிற ஆளும் இல்லை. அந்த ஐந்தையும் தட்டிலேயே தலைகீழாகத் திருப்பி நிறுத்திவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டார்.

நான் இருபத்தைந்தாம் தேதி திரும்பி வந்தேன். சந்திரப் புத்தாண்டான தெத்துக்கு ஐந்து நாள்தான் இருந்தது. வீடு முழுக்க ஒட்டடை. ஊரே துடைத்துக் கழுவிக்கொண்டிருந்தது, நானும் ஆரம்பித்தேன். அம்மா போன பிறகு கை சும்மா இருந்தால் எனக்கு மூச்சு முட்டியது என்பதும் உண்மை. மறுநாள் பட்டறைக்கு வந்தபோது தட்டில் செல்கள் தாறுமாறாக நிற்பதைப் பார்த்தேன். இவர் எதைத்தான் வரிசையாக வைத்தார் என்று நினைத்தேன். ஒன்றிலும் சிவப்புப் பொட்டு இல்லை. ஆகவே எல்லாம் தேறிவிட்டன. ஒவ்வொன்றாக எடுத்து ஈரத்துணியால் துடைத்தேன், தட்டைக் கழுவிக் காயவைத்தேன், இருபதையும் புது வருடத்துக்குத் தயாராக இருக்கட்டும் என்று சார்ஜரில் போட்டு நிரப்பினேன். பிறகு நூலகத்தில் அட்டைகளை அடுக்குவதுபோல் எல்லாவற்றையும் நேராக, தலை மேலே இருக்கும்படி அடுக்கி வைத்தேன். பார்க்க அழகாக இருந்தது.

சுயேன் இருபத்தேழாம் தேதி காலையில் வந்தாள். நான்கு சந்து தள்ளி இருப்பவள், சந்தையில் அரிசி அப்பம் அவித்து விற்பவள். கணவன் இறந்து நான்கு வருடம். வீட்டில் அவளும் மாமனார் குவீயும் மட்டும். கிழவருக்கு ஒரு பக்கம் கால் இழுக்கும், மாடியறையில்தான் இருப்பார். பைக்கைத் தள்ளிக்கொண்டே வந்திருந்தாள்.

"அண்ணே, இது பாலத்துக்கிட்டயே படுத்துக்குது. நேத்து மாவுப் பானையோட தள்ளிட்டு வந்தேன். என்ன பாத்து ஊரே சிரிக்குது."

கியேம் பேட்டரியைத் திறந்து அளந்தார். "மூணு குழு போச்சு. பன்னெண்டு செல்லு. புதுசு வாங்கற எடம் மூடிட்டான். தெத்து முடிஞ்சு ஆறாந்தேதி வா."

"ரெண்டாந்தேதி எங்கம்மா வீட்டுக்குப் போவணும்ண்ணே. பதினெட்டு கிலோமீட்டரு. அப்புறம் ஒடஞ்ச சாமானோட வருசத்தத் தாண்டினா எங்க மாமனாரு என்னை வீட்டுக்குள்ளயே விடமாட்டாரு. உங்களுக்குத் தெரியாதா அவர?"

"அவரு வெக்கற சட்டத்துக்கு நான் ராத்திரி பகலா பத்தவெக்கணுமா?"

"செய்யறவருகிட்டதான கேக்க முடியும். செவுத்துகிட்டயா கேப்பேன்?"

நான்தான் குறுக்கே விழுந்தேன். "தட்டுல செல்லு இருக்கே. நேத்துதான் எல்லாத்துக்கும் சார்ஜ் ஏத்தி வெச்சேன். செஞ்சு குடுங்க, பாவம்."

அவர் என்னைப் பார்த்தார். "ஏத்திட்டியா? அப்ப சரி." அந்தப் பார்வையை நான் பிறகு எத்தனையோ முறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். கெட்ட ஐந்தையும் நான் எடுத்து மணலில் போட்டுவிட்டு மீதிக்குத்தான் சார்ஜ் ஏற்றியிருக்கிறேன் என்று அவர் எடுத்துக்கொண்டார். தட்டில் ஒன்றுகூடத் தலைகீழாக இல்லையே. எண்ணிப் பார்த்திருந்தால் இருபது இருந்திருக்கும். எண்ணவில்லை. என் அளவை அவர் என்றைக்குமே சரிபார்த்ததில்லை.

இருபத்தொன்பதாம் தேதி சுயேன் வந்து பைக்கை ஓட்டிக்கொண்டு போனாள். சந்து முனைவரை போய்த் திரும்பி வந்து, வண்டியிலிருந்தபடியே, "பறக்குதுக்கா!" என்று கத்தினாள். கைப்பிடியில் நான்கு அப்பப் பொட்டலத்தை மாட்டிவிட்டுப் போனாள்.

புது வருடத்தின் முதல் காலை. துக்க வீடு என்பதால் எங்கள் வீட்டுக்கு யாரும் வரமாட்டார்கள், நாங்களும் யார் வீட்டுக்கும் போகக்கூடாது. படையலை எடுத்துவிட்டு இலையில் கட்டிய அரிசிக் கட்டியை வெட்டி, ஊறவைத்த வெங்காயத்தோடு சாப்பிட்டோம். ஏழரை மணிக்கு கியேம் கை கழுவிக்கொண்டு பட்டறைப் பக்கம் போனார். முதல் நாள் நல்ல நேரத்தில் தொழிலைத் தொட்டு வைப்பது வழக்கம். எழுதுகிறவர்கள் ஒரு வரி எழுதுவார்கள், தையல்காரர்கள் ஒரு தையல் போடுவார்கள். அவர் ஒரு செல்லை அளப்பார். வருடத்தின் முதல் எண்ணைக் கேட்டு நான் சிரிக்க வேண்டும், அது எங்கள் இருவருக்கும் உள்ள வழக்கம்.

தட்டில் மீந்திருந்த எட்டில் ஒன்றை எடுத்து மீட்டரை வைத்தார்.

"இந்தா, வருசத்தோட மொத நம்பரு. மூணு புள்ளி ஒம்பது." அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். பிறகு சிரிப்பு நின்றது. "அஞ்சு நாள் முன்னாடிதான ஏத்தின?"

"ஆமா. இருவத்தாறாந்தேதி."

அவர் அடுத்ததை அளந்தார். சரியாக இருந்தது. அடுத்தது, அதற்கடுத்தது. எட்டையும் அளந்தபோது இரண்டு இறங்கியிருந்தன.

"தியேப், நான் தலைகீழா நிறுத்தியிருந்தேனே அஞ்சு, அத எங்க போட்ட?"

"எதத் தலைகீழா?"

"ஒழுகற அஞ்சு. தட்டுலயே திருப்பி வெச்சிருந்தேன்ல."

அவர் என் முகத்தைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார். ஐந்தில் இரண்டு இங்கே இருக்கின்றன. மூன்று சுயேனின் பேட்டரிக்குள் இருக்கின்றன.

"துடைச்சு நேரா வெச்சியா?"

"துடைச்சு வெச்சேன்."

"சரி." மீட்டரைக் கீழே வைத்தார். "சரி, அது அப்புறம். அவ சார்ஜுல போடறதுக்கு முன்னாடி அத எடுத்தாவணும். போனப் போடு. நீ பேசு, நான் பேசினா கத்திடுவேன்."

சுயேனின் போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. கிழவருடைய எண்ணுக்குப் போட்டேன். நாலைந்து முறை மணி அடித்த பிறகு எடுத்தார்.

முதல் நாள் காலையில் பேசக்கூடாத சொற்கள் இருக்கின்றன. சாவு, நோய், உடைந்தது, எரிந்தது, எதையும் வாயில் எடுக்கக்கூடாது. எடுத்தால் அந்த வருடம் முழுக்க அது அந்த வீட்டில் இருக்கும். நான் அதையெல்லாம் நம்புகிறவள் என்று என்னைப் பற்றி நினைத்ததில்லை. புத்தகங்களுக்கு நடுவில் இருபத்து மூன்று வருடம் இருந்தவள். ஆனால் அம்மாவின் படத்துக்கு முன்னால் அறுபது நாளாக ஊதுபத்தி ஏற்றி வேண்டிக்கொண்டிருந்த வாய் அது.

"புது வருச வாழ்த்துங்க பெரியவரே. நல்ல ஒடம்போட, நீண்ட ஆயுசோட இருக்கணும்."

"யாரு, பேட்டரிக்காரன் பொண்டாட்டியா? உனக்கும் நெனச்சதெல்லாம் நடக்கட்டும். வேல ஓகோன்னு போகட்டும்."

"சுயேன் இருக்காளா?"

"மொட்ட மாடியில படையல் வெக்கிறா. அவள எறக்கணுமா?"

"வேணாம், வேணாம். ஒரு வார்த்த சொல்லிடுங்க. அந்தப் பேட்டரி... இன்னிக்கு அதத் தொட வேணாம்னு. இவரு இன்னொருவாட்டி பாத்துக் குடுக்கணுமாம். ஒரு சின்ன திருத்தம்."

பக்கத்தில் நின்ற கியேம், "நெருப்புன்னு சொல்லு, நெருப்புன்னு சொல்லு" என்று உதட்டை அசைத்தார். எனக்கு வரவில்லை. அந்தச் சொல் தொண்டைவரை வந்தது. அதை அந்த வீட்டுக்குள், அந்த நேரத்தில், நான் அனுப்ப வேண்டுமா?

"அதெல்லாம் நல்லாத்தாம்மா ஓடுது," என்றார் கிழவர். "நேத்து கோயிலுக்கெல்லாம் போயிட்டு வந்தா. நல்ல நாளும் அதுவுமா வேலப் பேச்சு எதுக்கு? ஒன்பது மணிக்கு லூக் வர்றான், என் தம்பி மகன். மொத அடி அவன்தான் வெக்கணும். அதுக்கு முன்னாடி கதவயும் தெறக்க மாட்டேன், ஒண்ணுத்தையும் கேக்க மாட்டேன். வெச்சிடறேன்."

கியேம் போனைப் பிடுங்குவதற்குள் வைத்துவிட்டார். மறுபடி போட்டோம். அடித்துக்கொண்டே இருந்தது.

"நான் போறேன்," என்று செருப்பைத் தேடினார்.

நான் அவர் சட்டையைப் பிடித்தேன்.

அதை எழுதாமல் இருக்க முடியாது. நான்தான் பிடித்தேன். வருடத்தின் முதல் ஆளாக ஒரு வீட்டுக்குள் யார் அடி வைக்கிறார்களோ அவர்களுடைய ராசிதான் அந்த வீட்டுக்கு அந்த வருடம் முழுக்க. அதிலும் துக்கம் காக்கிற ஒருவர் முதலில் நுழைந்தால் என்ன ஆகும் என்று குவீ கிழவர் சந்து முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தவர். நான்கு வருடத்துக்கு முன்னால், தாயை இழந்த ஒரு பால்காரப் பெண் தெரியாமல் முதல் காலையில் அவர் வாசலைத் தாண்டிவிட்டாள். அந்த வருடம் ஏழாம் மாதம் அவர் மகன் நெடுஞ்சாலையில் செத்தான். சுயேன் அதைப் பற்றி ஒரு நாளும் பேசியதில்லை. ஆனால் அவளும் முதல் காலையில் கதவைத் திறக்காதவள்தான்.

"ஒன்பது மணிக்கு லூக் வந்துடுவான்," என்றேன். "அவன் நொழஞ்சதும் நாம போவோம். இன்னும் ஒரு மணி நேரந்தான். முந்தாநேத்துதான் முழுசா ஏத்திக் குடுத்தோம். மொத நாள் காலங்காத்தால யாரு சார்ஜு போடுவா?"

"நேத்து ஓட்டியிருக்கா. நாளைக்கு பதினெட்டு கிலோமீட்டர் போகணும் அவளுக்கு."

"சாயந்தரம் போடுவா. போடறதுன்னா சாயந்தரம்தான் போடுவா."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"அவங்க வீட்டுக்கு இன்னொரு சாவு நாமளால வந்ததுன்னு ஆயிட்டா? அப்புறம் இந்தச் சந்துல தலை தூக்க முடியுமா நம்மளால?"

அவர் உட்கார்ந்தார். மணல் வாளியை நிரப்பிக் கதவோரம் வைத்துவிட்டு, தடிமனான கையுறைகளை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். தேநீர் ஊற்றினேன், தொடவில்லை. இரண்டு முறை சந்து முனைவரை போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். எட்டே முக்காலுக்கு எழுந்தார்.

"என்னால முடியல," என்றார். இம்முறை நான் பிடிக்கவில்லை. வாளியின் ஒரு பக்கத்தைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தேன். சந்துகளில் ஆளே இல்லை. எல்லா வீட்டு வாசலிலும் சின்ன ஆரஞ்சு மரங்கள், எல்லாக் கதவும் சாத்தியிருந்தது.

சுயேனின் வீட்டு இரும்புக் கதவு கீழே தரைவரை இறக்கிப் பூட்டியிருந்தது. பக்கத்தில் போனதும் எனக்கு அந்த வாசனை வந்தது. நகச்சாயத்தைத் திறந்தால் வருமே, இனிப்பாக, மூக்கில் ஒட்டிக்கொள்வதுபோல். கியேமின் முகம் மாறியது. வாளியைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கைகளாலும் கதவில் அறைந்தார்.

"சுயேன்! சுயேன், தெற!"

மாடிக் கம்பிக்குள்ளிருந்து கிழவர் எட்டிப் பார்த்தார். "லூக்கா? ஒன்பது ஆவலியேடா!"

"நான் கியேம்! கதவத் தெறக்கச் சொல்லுங்க!"

"நீயா? யோவ், துக்கம் காக்கிறவன் எந்த நாள்ல வந்து யாரு வீட்டுக் கதவத் தட்டற? புத்தி இருக்கா? போய்யா! மத்தியானத்துக்கு மேல வா!"

"பேட்டரி எரியப்போவுது! கீழ எரியப்போவுது! எறங்குங்க!"

கியேம் அதைச் சந்தே கேட்கக் கத்தினார். கிழவர் காதைப் பொத்திக்கொண்டார். உண்மையாகவே இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டதை நான் பார்த்தேன்.

உள்ளே படிக்கட்டில் ஓடிவரும் சத்தம். சுயேன் கதவுக்கு அந்தப் பக்கம் வந்துவிட்டாள். "அண்ணே, என்ன ஆச்சு? இங்க ஏதோ நாறுது..." பூட்டில் சாவி உரசியது. அப்போது உள்ளே ஏதோ படபடவென்று வெடித்தது, சரவெடி மாதிரி. சுயேன் அலறினாள். கதவு முழங்கால் உயரம் எழும்பியது. அடியிலிருந்து வெள்ளைப் புகை தரையோடு வந்தது. கியேம் குனிந்து அவள் கையைப் பிடித்து இழுத்து வெளியே தள்ளினார். கதவை முழுக்கத் தூக்கினார். உள்ளே நுழைந்தார்.

பைக் கதவுக்குப் பக்கத்தில், சுவரோடு நின்றிருந்தது. சார்ஜர் வயர் மாட்டியிருந்தது. அவர் வயரைப் பிடுங்கி, கைப்பிடியைப் பற்றி, எரிந்துகொண்டிருந்த வண்டியைச் சந்துக்கு இழுத்து வந்து தள்ளினார். நான் மணலைக் கொட்டினேன். மணலுக்குள்ளிருந்து ஒவ்வொன்றாக வெடித்துக்கொண்டே இருந்தது. வண்டி வெளியே வந்ததோடு முடிந்துவிட்டது என்று நான் நினைத்தேன். ஆனால் புகை மேலே ஏறியிருந்தது. அந்த வீட்டில் படிக்கட்டுதான் புகைபோக்கி. மாடியில் கிழவர் இருமுவது கேட்டது. பிறகு கேட்கவில்லை.

"மாமா!" என்று சுயேன் உள்ளே ஓடப்பார்த்தாள். கியேம் அவளை என் மேல் தள்ளிவிட்டு, சட்டையை மூக்குவரை இழுத்துக்கொண்டு மறுபடி உள்ளே போனார்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. சுயேன் என் கையைக் கடித்தாள், விடு விடு என்று. நான் விடவில்லை. கடைசியில் கியேம் கிழவரை முதுகில் போட்டுக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கி வந்தார். வாசலுக்கு வந்ததும் இருவரும் ஒன்றாகச் சரிந்தார்கள்.

அந்த நேரத்தில் லூக் வந்தான். புதுச் சட்டை, தலைக்கு எண்ணெய், கையில் சிவப்புத் தாள் சுற்றிய மிட்டாய்ப் பெட்டி. சரியாக ஒன்பது மணி. கரியாகிக் கிடந்த பைக்கையும் தரையில் கிடந்த பெரியப்பாவையும் பார்த்துவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல், "நான் இப்ப உள்ள போகணுமா?" என்று கேட்டான். பிறகு அவன்தான் வண்டி பிடித்து வந்தான்.

கிழவருக்கு ஒன்றுமில்லை, மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மாடியில் அவர் இருந்தது ஜன்னல் ஓரம். கியேம் சூடான புகையை இரண்டு முறை நெஞ்சு நிறைய இழுத்திருந்தார். தொண்டைக்குள் குழாய் வைத்தார்கள். பேச முடியாது. என் பழைய நூலக அட்டைகளின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினார்.

நான்காம் நாள் எங்கள் பகுதி வட்ட அலுவலகத்திலிருந்து அதிகாரி ஒருவர் விசாரிக்க வந்தார். என்ன நடந்தது என்று என்னைக் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் கியேம் படுக்கையைத் தட்டி அட்டையை நீட்டினார். 'செல்லைத் தேர்ந்தெடுத்தவன் நான். அவசரத்தில் சரியாகப் பார்க்கவில்லை. என் மனைவி அந்த வாரம் ஊரில் இல்லை.' அதிகாரி அதைப் படித்துவிட்டு மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

அவர் போன பிறகு நான் கேட்டேன். "ஏன் பொய் எழுதினீங்க?"

அவர் அட்டையில் எழுதினார்: 'தட்டில் இன்னும் ரெண்டு இருக்கு. மணலில் போட்டியா?'

"போட்டுட்டேன். நான் கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க. என்மேல கோவம் இருந்தா அதயாவது எழுதுங்க."

அவர் வேறொரு அட்டையை எடுத்தார். 'எண்ணியிருக்கணும்' என்று எழுதினார். யார் எண்ணியிருக்க வேண்டும் என்று எழுதவில்லை. அவரா, நானா? அந்த அட்டையை வைத்திருக்கிறேன். கியேம் முதல் மாதம் பதினோராம் தேதி பிற்பகல் இறந்தார்.

ஐம்பது நாள் கழித்து சுயேன் வீட்டுக்குப் போனேன். கதவைத் தட்டாமல் வெளியே நின்றேன். அவளே பார்த்துவிட்டு வந்தாள். உள்ளே கூப்பிட்டாள், நான் போகவில்லை. சந்திலேயே நின்று எல்லாவற்றையும் சொன்னேன். தலைகீழாக நின்ற ஐந்து, நான் துடைத்தது, அடுக்கியது, சார்ஜ் ஏற்றியது, சட்டையைப் பிடித்து ஒரு மணி நேரம் உட்காரவைத்தது. அவள் திட்டினால் தேவலை என்று இருந்தது.

அவள் கேட்டது வேறு. "போன்ல மாமாகிட்ட என்ன சொன்னீங்க? அப்படியே சொல்லுங்க, வார்த்த மாறாம."

சொன்னேன்.

"அவரு மொட்ட மாடிக்குக் கீழ நின்னு, 'பேட்டரிக்காரன் பொண்டாட்டி வாழ்த்து சொன்னா'ன்னு மட்டும் கத்தினாரு. படையல எறக்கிட்டு எட்டு மணிக்கு நான் போய் சார்ஜுல போட்டேன்." அவள் மாடியைப் பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள். "அக்கா, அவருக்கு இது தெரிய வேணாம். நீங்க எச்சரிக்கத்தான் போன் பண்ணீங்கன்னு தெரிஞ்சா, தன் காதுல விழுந்தும் விட்டுட்டோம்னு தெரிஞ்சா, அந்த மனுசன் ஒரு நாள் தாங்க மாட்டாரு. அவரு இருக்கறவரைக்கும் சொல்லாதீங்க. யாருகிட்டயும்."

சரி என்றேன். மேலிருந்து கிழவரின் குரல் வந்தது. "யாரு, கியேம் பொண்டாட்டியா? ஏன் வெளிய நிக்கிறா? அவளுக்கு என்ன தடை நம்ம வீட்ல?"

அன்று முதல் அவர் என்னை விடவில்லை. சந்தில் போகிற வருகிறவர்களிடமெல்லாம், "துக்கம் காக்கிறவன் மொத அடி வெச்சதாலதான் எங்க வீடு பொழைச்சுது. இத்தன வருசம் நான் முட்டாளா இருந்தேன்" என்று சொன்னார். கியேமின் படத்தைக் கேட்டு வாங்கித் தன் மகன் படத்துக்குப் பக்கத்தில் வைத்தார். போகும்போதெல்லாம் தன் கையால் தேநீர் ஊற்றிக் கொடுத்தார். நான் குடித்தேன். ஒரு முறை, "அவன் எப்படிம்மா சரியா அந்த நேரத்துக்கு வந்தான்? எது அவன அனுப்பிச்சுது?" என்று கேட்டார். சுயேன் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். "தெரியலீங்க" என்றேன்.

அடுத்த தெத்துக்கு முந்தின நாள் லூக்கைத் தூது அனுப்பினார். முதல் காலையில் நான்தான் அவர் வீட்டுக்குள் முதலில் வர வேண்டுமாம். இரட்டைத் துக்கம் எனக்கு, அம்மாவுக்கு வருடம் முடிந்தும் துக்கம் முடியாமலும், கணவனுக்கு இன்னும் வருடம் திரும்பவில்லை. முடியாது என்று சொல்ல ஒரு காரணம்தான் இருந்தது. அதைச் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். போனேன். இரும்புக் கதவு முழுக்கத் தூக்கியிருந்தது. கிழவர் கீழே இறங்கி வந்து, நாற்காலியில் புது உடுப்போடு காத்திருந்தார். நான் வலது காலை எடுத்து வைத்தேன். அவர் எழுந்து நின்று கும்பிட்டார்.

போன எட்டாம் மாதம் அவர் தூக்கத்தில் போய்விட்டார். அடக்கம் முடிந்து நாற்பத்தொன்பது நாளும் ஆகிவிட்டது. இதை எழுதலாமா என்று சுயேனிடம் நான் கேட்கவில்லை. கேட்டால் அவள் வேண்டாம் என்பாள்; அப்புறம் அதையும் நான் சரி என்றுவிடுவேன்.